பாசன நீரில் சோப்புத் தூள்: கண்டறிவது எப்படி?

"நுரையோடு வருகிற தண்ணீரைப் பயிருக்குக் கட்டலாமா, கூடாதா? ஒன்றைச் சொல்லுங்கள் சார்." ஒசூர் வட்டாரத்து விவசாயிகள் வேளாண்மை அலுவலரைக் கண்டதும் கேட்கும் கேள்வி இது. கேள்வி சிறியதுதான். ஆனால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. பாய்ச்சினால் மண் கெடுமோ என்ற பயம் இருக்கிறது. பாய்ச்சாவிட்டால் நட்ட கோசும் தக்காளியும் கண்ணெதிரே வாடும். ஆகவே வருகிற தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பாய்ச்சுவதா, வேண்டாமா என்பதை அதன் பிறகே முடிவு செய்யலாம்.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் உற்பத்தியாகும் தென்பெண்ணை, பெங்களூரை ஒட்டி வந்து, ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. பெங்களூர் நகரின் கழிவு நீர் பெருமளவில் பெல்லந்தூர் ஏரியிலும், அதையடுத்து வர்த்தூர் ஏரியிலும் சேர்ந்து இந்த ஆற்றுக்கு வருகிறது. பெல்லந்தூர் ஏரியில் நுரை மலைபோல் எழுந்ததையும், 2015-ஆம் ஆண்டு அந்த நுரையே தீப்பற்றி எரிந்ததையும் பத்திரிகைகளில் பலரும் படித்திருப்பார்கள். மழை பெய்து ஆற்றில் வரத்து கூடும்போதெல்லாம் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளுக்குக் கீழே வெள்ளை நுரை பொங்கி, சில சமயம் தரைப்பாலங்களையும் மூடிவிடுகிறது.

ஒசூரை உதாரணமாகச் சொன்னோம். நகரத்துக்குக் கீழே உள்ள எந்த ஆற்றுக்கும், ஓடைக்கும், ஏரிக்கும் இந்தச் சங்கதி பொருந்தும். ஒரு பேரூராட்சியின் சாக்கடை விழும் சிற்றோடையை நம்பிப் பயிர் செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

நுரை எங்கிருந்து வருகிறது?

வீடுகளில் துணிக்கும் பாத்திரத்துக்கும் உபயோகிக்கும் சலவைத் தூளில் அழுக்கை இழுத்து நீக்கும் ஒரு இரசாயனம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கையும் தண்ணீரையும் சேரவைப்பது அதன் வேலை. நுரைக்குக் காரணமும் அதுவே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேல்நாடுகளில் சலவைத் தூள் பெருகியபோது, அப்போதைய இரசாயனம் கிளைகள் நிறைந்த அமைப்பைக் கொண்டிருந்தது. அதை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியவில்லை. ஆறுகளில் நுரை மிதந்தது. மேற்கு ஜெர்மனி 1961-இல் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றி, 1964-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965-இல் நேர்ச்சங்கிலி அமைப்புள்ள இரசாயனத்துக்கு மாறினார்கள். இன்று நம் நாட்டிலும் அதிகம் புழங்குவது இந்த நேர்ச்சங்கிலி வகையே.

இந்த வகை, காற்றோட்டமுள்ள தண்ணீரில் சில நாட்களில் சிதைந்துவிடும். அப்படியிருந்தும் நுரை ஏன் நிற்கவில்லை? காற்றில்லாத சேற்றில் இது எளிதில் சிதைவதில்லை. சாக்கடையோடு வரும் சலவை இரசாயனத்தில் ஒரு பகுதி, ஏரியின் அடியில் உள்ள கசடில் ஒட்டிப் படிந்துவிடுகிறது. முதல் மழை வெள்ளம் அந்தச் சேற்றைக் கலக்கும்போது, பல நாட்களாகச் சேர்ந்தது ஒரே சமயத்தில் வெளியே வருகிறது. தண்ணீர் மதகில் விழுந்து அடிபடும்போது நுரை பொங்குகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக விஞ்ஞானிகள் பெல்லந்தூர் நுரையை ஆராய்ந்து இந்த விவரத்தைக் கூறியிருக்கிறார்கள். ஆகவே முதல் மழைத் தண்ணீரே மோசமான தண்ணீர் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நுரையைவிடப் பெரிய தீமை

நுரை கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் எல்லாக் குற்றத்தையும் அதன்மேல் போடுகிறோம். சலவை நீரில் நிலத்துக்கு நீடித்த தீமை செய்வது, நுரைக்காத சோடியம் உப்புக்களே. சலவைச் சோடா என்பது சோடியம் கார்பனேட். சமையல் உப்பு சோடியம் குளோரைடு. இவை தொடர்ந்து வயலுக்கு வந்தால், களிமண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். மண் துகள்கள் பிரிந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்காது. காய்ந்தால் நிலம் பாளம் பாளமாக இறுகும். நாளடைவில் நல்ல நிலமும் களராக மாறும்.

துணியை வெளுக்க வைக்கும் சில பொடிகளில் போரான் என்ற சத்தும் உண்டு. பயிருக்குப் போரான் மிகச் சிறிதளவு தேவை. அளவு மீறினால் நஞ்சு. பாசன நீரில் பத்து லட்சத்தில் 0.7 பங்கு வரை எல்லாப் பயிருக்கும் பொதுவாக ஆபத்தில்லை. அதற்கு மேல் போனால் எலுமிச்சை, திராட்சை, வெங்காயம், நிலக்கடலை முதலியன பாதிக்கப்படும். தக்காளி, பீட்ரூட், சோளம், பருத்தி ஆகியவை அதிக அளவைத் தாங்கும். போரான் மிகுந்தால் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் கருகும். சாம்பல் சத்துக் குறைந்தாலும் ஏறக்குறைய இதே அடையாளம் தோன்றும். இதை அறியாமல் மூட்டை மூட்டையாகப் பொட்டாஷ் வாங்கிப் போட்டு நஷ்டப்படக் கூடாது. தண்ணீரைப் பரிசோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

சலவைத் தூளில் உள்ள பாஸ்பேட் பயிருக்கு மணிச்சத்துத்தான். ஆனால் ஏரியில் தேங்கும்போது ஆகாயத்தாமரையையும் பாசியையும் வளர்த்து, தண்ணீரில் உள்ள பிராணவாயுவைக் குறைத்து, மீனைக் கொல்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

1. பாட்டில் சோதனை: ஒரு கண்ணாடி பாட்டிலைச் சோப்புப் போடாமல் கழுவுங்கள். பாதியளவு வாய்க்கால் நீர் பிடித்து, மூடி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மற்றொரு பாட்டிலில் சுத்தமான கிணற்று நீரை எடுத்து அதே போலச் செய்யுங்கள். கிணற்று நீரின் நுரை உடனே அடங்கும். வாய்க்கால் நீரின் நுரை பல நிமிடங்கள் நிலைத்தால் சலவைத் தூளைச் சந்தேகிக்கலாம். ஒரு எச்சரிக்கை. அழுகிய இலை தழையிலிருந்தும் நுரை உண்டாகும். அது பெரும்பாலும் பழுப்பேறி, மண் வாடை வீசும். சலவை நுரை வெளேரென்று இருக்கும். சில சமயம் வாசனையும் அடிக்கும். எனவே இந்தச் சோதனை ஒரு சந்தேகத்தை எழுப்புவதற்கு மட்டுமே.

2. காடாத் துணிச் சோதனை: சலவைத் தூளில் துணி பளிச்சென்று தெரிவதற்காக ஒளிரும் வெண்மைப் பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். இது பருத்தி நூலில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி பட்டால் நீல வெண்மையாக ஒளிரும். இயற்கையான தண்ணீரில் இந்தப் பொருள் இருக்க வழியில்லை. இருந்தால், வீட்டுச் சலவை நீர் கலக்கிறது என்று பொருள். பல நாடுகளில் ஓடைகளில் சாக்கடைக் கசிவைத் தேடுவதற்கு இந்த முறையைக் கையாளுகிறார்கள்.

வெளுக்காத, சலவை செய்யாத காடாத் துணியை உள்ளங்கை அளவில் நான்கு துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் கள்ள நோட்டைப் பார்க்கும் ஊதா விளக்கு இருக்கிறதல்லவா? அதன் கீழ் இருட்டில் துண்டுகளைப் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று ஒளிர்ந்தால் அந்தத் துணி உதவாது. வேறு துணி தேட வேண்டும். ஒளிராத துணியில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி வீட்டில் வையுங்கள். இரண்டாவதைச் சலவைத் தூள் கரைத்த நீரில் நனைத்து உலர்த்துங்கள். மூன்றாவதைக் கொசுவலைத் துண்டில் முடிந்து வாய்க்காலிலும், நான்காவதை அதே போல முடிந்து உங்கள் கிணற்றிலும் தொங்கவிடுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும். வெயிலில் அந்தப் பொருள் சிதைந்துவிடும். 4 முதல் 7 நாட்கள் கழித்து எடுத்து, சுத்த நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, நான்கையும் இருட்டில் அந்த விளக்கின் கீழ் அருகருகே வைத்துப் பாருங்கள். விளக்கை நேராகக் கண்ணால் பார்க்கக் கூடாது.

கிணற்றுத் துண்டு ஒளிர்ந்தால், சாக்கடைக் கசிவு கிணறு வரை வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் ஒளிரவில்லை என்பதால் கிணறு சுத்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த வெண்மைப் பொருள் மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். அது வழியில் தங்கிவிட, உப்பும் கிருமியும் மட்டும் கிணற்றுக்கு வந்து சேரலாம்.

3. மண் கட்டிச் சோதனை: வயலிலிருந்து பட்டாணி அளவு உலர்ந்த மண் கட்டி ஒன்றை எடுத்து, மழை நீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் மெதுவாக இடுங்கள். கலக்க வேண்டாம். கட்டி உதிர்வது சாதாரணம். ஆனால் சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் படர்ந்து, மறுநாளும் தெளியாவிட்டால், மண்ணில் சோடியம் ஏறிவிட்டது என்று அறியலாம். இந்த வயலின் மண்ணை உடனே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் கண்டறியும் விதம்

சலவை இரசாயனத்தை அளக்க மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். இந்தச் சாயம் தண்ணீரில் கரையும்; குளோரோபார்மில் தானாக இறங்காது. நீரில் சலவை இரசாயனம் இருந்தால், சாயம் அதனோடு ஜோடி சேர்ந்துகொண்டு குளோரோபார்மில் இறங்கிவிடும். குழாயைக் குலுக்கி நிறுத்தினால் அடியில் தங்கும் குளோரோபார்ம் நீலமாகத் தெரியும். நீலம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு சலவைப் பொருள். கருவியில் வைத்து அளவைக் கணக்கிடுவார்கள். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் இது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம். குளோரோபார்ம் கெடுதலானது. இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

இதைவிட நுட்பமான கருவிகளும் வந்திருக்கின்றன. அமெரிக்க நில அளவைத் துறையினர் 1999, 2000 ஆண்டுகளில் 139 ஓடைகளின் நீரை எடுத்து, 95 வகைப் பொருள்களைத் தேடினார்கள். நூற்றுக்கு 80 ஓடைகளில் ஏதாவது ஒன்றாவது அகப்பட்டது. காப்பியில் உள்ள காபீன், கிருமிநாசினி சோப்பில் சேர்த்த டிரைக்ளோசான், கொசு விரட்டி மருந்து, சலவைப் பொருள் சிதைந்து உண்டாகும் நானைல்பீனால் ஆகியவை அதிகம் தென்பட்டவற்றில் அடங்கும். அளவுகள் மிகச் சிறியவை. வீட்டில் வடிகாலில் ஊற்றும் எதுவும் மறைந்துவிடுவதில்லை என்பதை இந்த ஆய்வு காட்டியது.

விவசாயிக்குத் தேவையான எண்கள்

பாசன நீருக்கு ஐந்து விவரங்களைக் கேட்டு வாங்கினால் போதும்.

மின் கடத்தும் திறன்: 0.75 மில்லிமோஸ் வரை நல்ல நீர். 2.25-க்கு மேல் போனால் சாதாரணப் பயிருக்கு ஏற்றதல்ல.

கார அமில நிலை: 6.0 முதல் 8.5 வரை இருக்கலாம்.

சோடிய ஈர்ப்பு விகிதம்: 10-க்குக் கீழே நல்லது. 18-க்கு மேல் கெடுதல். 26-க்கு மேல் பாசனத்துக்கு உதவாது.

எஞ்சிய சோடியம் கார்பனேட்: லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலண்ட் வரை பயமில்லை. 2.5-க்கு மேல் போனால் நிலம் களராகும்.

போரான்: மேலே சொன்னபடி 0.7 வரை எல்லாப் பயிருக்கும் ஏற்றது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாசன நீருக்கு விதித்துள்ள உச்ச வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம்.

நீர் மாதிரி எடுப்பதில் கவனம்

மாதிரி தவறாக எடுத்தால் முடிவும் தவறாக வரும். பலர் பாட்டிலைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவிக்கொண்டு வருகிறார்கள். பிறகு தண்ணீரில் சோப்பு இருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? எடுக்கப் போகும் தண்ணீராலேயே மூன்று முறை அலசினால் போதும். போரானுக்குப் பிளாஸ்டிக் பாட்டிலும், சலவைப் பொருளுக்குக் கண்ணாடி பாட்டிலும் ஏற்றவை. நுரையை அள்ளக் கூடாது; நுரையில் சலவைப் பொருள் செறிந்திருக்கும். ஓடும் நீரின் நடுவில், மேல்மட்டத்திலிருந்து ஒரு அடி ஆழத்தில் பிடியுங்கள். ஆழ்துளைக் கிணறானால் அரை மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். பெயர், ஊர், சர்வே எண், எடுத்த தேதி, பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, வெயில் படாமல் மறுநாளைக்குள் சேர்க்க வேண்டும்.

ஒரு முறை பரிசோதித்தால் போதாது. முதல் மழை வெள்ளத்தில் ஒன்று, மழை ஓய்ந்து ஆறு தெளிந்த பின் ஒன்று, கோடையில் ஒன்று என ஆண்டுக்கு மூன்று முறை எடுக்க வேண்டும். கால்வாயை ஒட்டிய நான்கைந்து பேர் சேர்ந்து செய்தால் செலவும் குறையும்.

பாசன நீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களிலும், குடிநீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களிலும் பரிசோதித்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தினர் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும், எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம்.

குடிக்கும் கிணற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய பாட்டில் சோதனையும் உண்டு. மாஞ்சா, மௌரியா, ராவ் என்ற இந்திய விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட முறை இது. மருந்து தோய்ந்த காகிதம் உள்ள பாட்டிலில் நீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கிருமி இருக்கும் பட்சத்தில் ஓரிரு நாட்களில் நீர் கறுத்துவிடும். கறுத்தால், கொதிக்க வைக்காமல் அந்த நீரை வீட்டில் யாரும் குடிக்கக் கூடாது.

பாய்ச்சலாமா, கூடாதா?

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

முதல் மழை வெள்ளம் நுரையோடு வரும் நாட்களில் மடையை அடைத்துவிடுங்கள். மழை பெய்திருப்பதால் அந்தச் சில நாட்கள் பயிர் தாங்கும். பிறகு வரும் நீரை நேராக வயலுக்கு விடாமல், பண்ணைக் குட்டையில் தேக்கிச் சில நாட்கள் காற்றும் வெயிலும் படவிட்டால், சலவைப் பொருள் பெரும்பகுதி சிதையும். கசடும் அடியில் தங்கும். ஆனால் உப்பு குறையாது. அதற்குக் கிணற்று நீரைக் கலந்து பாய்ச்சுவதே வழி.

எஞ்சிய சோடியம் கார்பனேட் மிகுந்த நீரானால் ஜிப்சம் உதவும். வரம்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு மில்லி ஈக்விவலண்டுக்கும், ஒரு ஏக்கருக்கு 2 அங்குல உயரம் நீர் பாய்ச்சும்போது, சுமார் 18 கிலோ சுத்தமான ஜிப்சம் தேவைப்படும். ஏற்கெனவே இறுகிப்போன மண்ணுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மண் பரிசோதனையே சொல்லும். ஜிப்சம் இட்ட பின், வெளியேறும் சோடியம் வடிந்து போக வடிகால் வசதியும் இருக்க வேண்டும்.

பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, கேரட் ஆகியவற்றுக்கு இந்த நீர் வேண்டவே வேண்டாம். இங்கே பயப்பட வேண்டியது சோப்பைவிட மலக்கிருமிகளுக்கே. உலக சுகாதார நிறுவனம் 1989-இல் கூறிய வரம்பு, பச்சையாக உண்ணும் பயிருக்கு 100 மில்லி லிட்டர் நீரில் 1,000 மலக்கிருமிகளுக்கு மேற்படக் கூடாது என்பதாகும். சுத்திகரிக்காத சாக்கடையில் இது பல மடங்கு. தீவனப் புல், மல்பெரி, பூ வகைகள், தென்னை போன்றவற்றுக்குப் பயன்படுத்தினால் ஆபத்துக் குறைவு. தெளிப்பு நீர்ப் பாசனம் கூடாது. இலையில் படாமல் வேருக்கு விடுங்கள். அறுவடைக்கு முன் சில நாட்கள் இந்த நீரை நிறுத்திவிடுங்கள். வயலில் இறங்குபவர்கள் ரப்பர் பூட்ஸ் அணிந்து, கரையேறியதும் கை கால்களை நல்ல நீரில் கழுவ வேண்டும்.

சாக்கடை நீரில் தழைச்சத்து உண்டு. வழக்கமான அளவு யூரியாவையும் மேலுரமாக இட்டால் பயிர் இலையாக வளர்ந்து, காய்ப்பு தாமதமாகி, பூச்சியும் சேரும். மேலுரத்தைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தலாம். பூச்சி மருந்து கலக்க மட்டும் இந்த நீரை எடுக்க வேண்டாம். காரத்தன்மை மிகுந்தால் மாலத்தியான் போன்ற மருந்துகள் சீக்கிரம் வீரியமிழந்துவிடும்.

எழுதி வையுங்கள்

நுரையைக் காட்டி முறையிடும்போது, "மழைத் தண்ணீர், இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. இரண்டு நாளில் நுரை அடங்கியும் விடுகிறது. அதன்பின் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நுரை வந்த தேதி, மதகு திறந்த தேதி, மீன் செத்த நாள், பயிரில் கண்ட மாற்றம், தண்ணீர்ப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். மூன்று ஆண்டு முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு நாலு ஊர்க்காரர்கள் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ, பசுமைத் தீர்ப்பாயத்திடமோ மனுக் கொடுத்தால், அதைத் தட்டிக் கழிப்பது கடினம்.

கடைசியாக நம் வீட்டுக்கும் ஒரு வார்த்தை. மேலே உள்ள ஊர் நமக்குச் செய்வதை, நாம் கீழே உள்ளவர்களுக்குச் செய்யக் கூடாது. கிணற்று மேட்டில் துணி துவைப்பதும், மருந்து தெளித்த கருவியை வாய்க்காலில் கழுவுவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. துவைக்கும் கல்லைக் கிணற்றிலிருந்து தள்ளிப் போட்டு, அந்த நீரை நாலு வாழைக்கோ கல்வாழைக்கோ திருப்பிவிடுங்கள். காடாத் துணியைத் தொங்கவிடும்போது முதல் துண்டை உங்கள் கிணற்றிலேயே தொங்கவிட்டுப் பாருங்கள்.